கைவேலைப் பக்கம்: பின் பிறேக் தேய்ந்தால் முன் பிறேக்கை மட்டும் பிடித்து ஓடலாமா?



கிளிவெட்டியில் பெண்கள் கூட்டம் முடிந்து எல்லோரும் தேநீர் குடித்துக்கொண்டிருந்தபோது ஒரு சகோதரி என்னைத் தனியே கூப்பிட்டார். சங்கத்துக் கணக்கு விடயமாக்கும் என்று நினைத்தேன். அவர் கேட்டது வேறு.

"அக்கா, மோட்டார் சைக்கிள் பின் பிறேக் பிடிக்குதில்ல. கராஜில காட்டினன். கலிப்பர முழுசா மாத்தோணும் எண்டு சொல்லுறாங்கள். அதுக்குக் காசு சேருமட்டும் முன் பிறேக்க மட்டும் பிடிச்சு ஓடலாம்தானே?"

அவரிடம் இருப்பது ஓர் அப்பாச்சி 180. தம்பி வாங்கிப் பல வருடம் ஓடியது. தம்பி கட்டாருக்குப் போனபின் அக்காவின் கைக்கு வந்தது. விடியற்காலை இரண்டு பால் கான்கள், ஏழு மணிக்குப் பள்ளிக்கூடம் போகும் மகள், பகலில் கடைச் சாமான், சில நாள் அரை மூட்டை நெல். பின்னால் பாரம் இல்லாமல் அந்த வண்டி ஓடும் நேரம் மிகக் குறைவு. கணவர் இல்லாத அந்த வீட்டின் வருமானம் முழுவதும் இரண்டு சில்லுகளின் மேல்தான் போய்வருகின்றது. ஆகவே "வண்டியை நிறுத்தி வையுங்கள்" என்று சொல்லிவிட்டுப் போவது எனக்கு இலகு, அவருக்கு இலகு அல்ல. இருந்தாலும் அன்று நான் சொன்ன பதில், "ஓடக்கூடாது" என்பதுதான். ஏன் என்பதையும், பிறகு நாங்கள் இருவரும் வண்டியைக் கழுவிப் பார்த்தபோது என்ன கண்டோம் என்பதையும் இம்மாதம் எழுதுகின்றேன்.

நல்ல தார் றோட்டில், நேராகப் போகும்போது, வண்டியை நிறுத்தும் வேலையில் பெரும் பங்கை முன் பிறேக்கே செய்கின்றது என்பது உண்மை. பிறேக் பிடித்தவுடன் பாரம் முன்னுக்குச் சாயும், முன் ரயர் நிலத்தை அழுத்திப் பிடிக்கும். இதைக் கேள்விப்பட்டுத்தான் பலர் "முன் பிறேக் போதும்" என்று சொல்கிறார்கள். ஆனால் எங்கள் ஒழுங்கைகள் தார் றோட்டு அல்ல. மணலும் கிறவலும் கிடக்கும் வளைவில் முன் பிறேக்கைச் சற்று அழுத்தினாலே முன் சில்லு இறுகி வழுக்கும். முன் சில்லு வழுக்கினால் ஒரு கணத்தில் வண்டி கீழே. காலூன்ற நேரம் கிடைக்காது. பின் சில்லு வழுக்கினால் வண்டி வாலை ஆட்டும், பிறேக்கை விட்டால் பெரும்பாலும் சரிவந்துவிடும். அதோடு பால் கானும் பிள்ளையும் பின்னால் இருக்கும்போது பாரத்தின் பெரும்பகுதி பின் சில்லின் மேலேயே நிற்கின்றது. அந்த நேரத்தில் பின் பிறேக்குக்கு வேலை கூட. பாரம் ஏற்றும் வண்டிக்குப் பின் பிறேக் இல்லாமல் இருப்பது, மாட்டு வண்டியில் ஒரு மாட்டை அவிழ்த்துவிட்டுப் போவது போல.

இன்னொன்றையும் யோசியுங்கள். முன்பு திருகோணமலைக்குப் போவதென்றால் மூதூரில் லாஞ்சி, அல்லது துறைக்குத் துறை பாதை. குண்டும் குழியுமான றோட்டில் யாரும் வேகமாக ஓட முடியாது. 2009இல் கிண்ணியாப் பாலம் திறந்தது. தொடர்ந்து மட்டக்களப்பு வீதியின் மற்றப் பாலங்களும் வந்தன, றோட்டும் திருந்தியது. இன்று கிளிவெட்டிச் சந்தியால் பஸ்களும் லொறிகளும் பறக்கின்றன. நாங்களும் எங்களை அறியாமல் 50, 60இல் போகிறோம். 40 கிலோமீற்றர் வேகத்தில் ஒரு விநாடிக்கு வண்டி 11 மீற்றர் போய்விடும். வேகம் இரண்டு மடங்கானால் நிற்பதற்கு வேண்டிய தூரம் இரண்டு மடங்கல்ல, ஏறத்தாழ நான்கு மடங்கு. இரவில் றோட்டில் படுத்திருக்கும் மாடுகளுக்கு இந்தக் கணக்குத் தெரியாது.

பழைய வண்டிகளையே நாம் இழுத்துக்கொண்டிருப்பதற்கும் காரணம் இருக்கின்றது. 2020 மார்ச்சில் நாட்டுக்குள் வாகன இறக்குமதி நிறுத்தப்பட்டது. மோட்டார் சைக்கிளுக்கு அது மறுபடி திறபட்டது 2025இல்தான். இடையில் 2022இன் பொருளாதார நெருக்கடி. புதிய வண்டி எட்டாத விலைக்குப் போயிற்று, பழையதற்கும் விலை ஏறிற்று. 2006இல் சம்பூரிலிருந்து உடுத்த உடையோடு வந்து கிளிவெட்டி முகாமில் வருடக்கணக்காக இருந்தவர்கள், 2015க்குப் பிறகு ஊர் திரும்பியபோது கையில் வண்டி எதுவும் இருக்கவில்லை. மற்றவர் ஓடித் தேய்த்ததைத்தான் அவர்களிற் பலர் வாங்கினார்கள். ஆகவே பழைய வண்டியை வைத்திருப்பது வெட்கம் அல்ல. அதன் பிறேக்கைத் திறந்து பாராமல் வைத்திருப்பதுதான் பிழை.

இனி அந்தக் கலிப்பர் என்ன செய்கின்றது என்று பார்ப்போம். சைக்கிளின் பிறேக்கைப் பார்த்திருப்பீர்கள்: இரண்டு இறப்பர்க் கட்டைகள் இரு பக்கத்தாலும் றிம்மைக் கவ்வும். டிஸ்க் பிறேக்கும் அதே வேலைதான். சில்லோடு சுழலும் இரும்புத் தட்டை இரண்டு 'பாட்'கள் இரு பக்கத்தாலும் கவ்வுகின்றன. அந்தப் பாட்களைத் தாங்கி நிற்கும் கூடுதான் கலிப்பர். காலால் மிதிக்கும்போது பிறேக் ஒயில் குழாய் வழியே வந்து கூட்டுக்குள் இருக்கும் பிஸ்டனைத் தள்ளும்.

எங்கள் ஊரில் ஓடும் வண்டிகளின் பின் கலிப்பரில் பெரும்பாலும் ஒரு பக்கத்தில் மட்டுமே பிஸ்டன் இருக்கும். அப்படியானால் மற்றப் பக்கத்துப் பாட்டை யார் தள்ளுவது? இங்கேதான் விடயம் இருக்கின்றது. பிஸ்டன் தன் பக்கத்துப் பாட்டைத் தட்டில் அழுத்தியதும், கலிப்பர் முழுவதுமாக எதிர்ப்பக்கம் நகர்ந்து மற்றப் பாட்டையும் இழுத்து வந்து தட்டில் வைக்கும். அப்படி நகர்வதற்காக அது இரண்டு வழவழப்பான இரும்பு ஊசிகளின் மேல் நிற்கின்றது. கராஜில் இவற்றைப் 'பின்' என்பார்கள். பின்பக்கம், பின் பிறேக் என்பவற்றோடு குழம்பாமல் இருக்க நான் ஊசி என்றே எழுதுகின்றேன். ஊசிகளுக்குள் மண்ணும் தண்ணீரும் போகாமல் சுருக்குப் பை போன்ற இறப்பர் உறைகள் உண்டு. அந்த உறை கிழிந்தால் ஊசி துருப்பிடிக்கும். ஊசி இறுகினால் கலிப்பர் நகராது. ஒரு பாட் மட்டும் வேலை செய்து தேய்ந்து முடியும், மற்றது புதிதுபோல் சும்மா இருக்கும்.

பிஸ்டனைச் சுற்றிச் சதுர வெட்டுள்ள ஓர் இறப்பர் வளையம் இருக்கின்றது. இது ஒயில் ஒழுகாமல் தடுப்பது மட்டுமல்ல. மிதிக்கும்போது சற்று முறுகி, காலை எடுத்ததும் பழைய நிலைக்கு வந்து பிஸ்டனைப் பின்னுக்கு இழுப்பதும் இதுதான். வளையம் காய்ந்து விறைத்தால் பிஸ்டன் திரும்பாது. பிறேக் எப்போதும் பாதி பிடித்தபடியே இருக்கும். பெற்றோல் அதிகம் குடிக்கும், தட்டுச் சூடேறும்.

சரி, அன்று கண்டதைச் சொல்கிறேன். முதலில் சவர்க்காரத் தண்ணீரும் பழைய பல் தூரிகையும் கொண்டு கலிப்பரைக் கழுவினோம். கழுவும்போதே கதை பாதி விளங்கிவிட்டது. மூலை முடுக்கெல்லாம் நரைத்த வண்டல். கேட்டால், 2025 நவம்பர் கடைசியில் டித்வா புயலோடு மகாவலி பெருகி வந்தபோது வண்டி சில்லு மறையும்வரை தண்ணீரில் நின்றதாம். வடிந்தபின் எஞ்சின் ஒயிலை மாற்றினார்கள், பிளக்கைக் கழற்றித் துடைத்தார்கள், வண்டி ஸ்டார்ட் ஆனது, அதோடு மறந்துவிட்டார்கள். பிறேக்கை யாரும் நினைக்கவில்லை. வெள்ளத்தில் நின்ற வண்டி வைத்திருக்கும் எல்லாச் சகோதரிகளும் இந்த இடத்தை இரண்டு தரம் வாசியுங்கள்.

பின்பு வண்டியை நடு ஸ்டாண்டில் நிறுத்திச் சில்லைக் கையால் சுற்றினோம். ஒரு சுற்றும் முழுதாகச் சுற்றவில்லை. கலிப்பரைக் கையால் பிடித்து உள்ளும் வெளியும் அசைத்தோம். சிறிதளவு அசைய வேண்டும். இது சுவர்போல் நின்றது. ரோர்ச் அடித்துப் பின்னால் இருந்து பாட்களைப் பார்த்தோம். உட்பக்கத்துப் பாட்டில் தேய்மானப் பகுதியே இல்லை, இரும்பு தட்டில் உராய்ந்துகொண்டிருந்தது. அவர் சில நாட்களாகக் கேட்ட 'கிறீச்' சத்தம் அதுதான். வெளிப்பக்கத்துப் பாட்டில் பாதிக்கு மேல் மிச்சம்.

ஒரு பாட் முடிந்து மற்றது மிஞ்சியிருந்தால் குற்றவாளி பெரும்பாலும் ஊசிதான். இதை மனதில் வைத்துக்கொள்ளுங்கள், கராஜில் உதவும். பாட்டின் தேய்மானப் பகுதியை அளப்பதற்குக் கருவி தேவையில்லை. ஒரு நெருப்புக்குச்சியின் தடிப்புக்கு, அதாவது ஏறத்தாழ 2 மில்லிமீற்றருக்கு, வந்தவுடன் புதியது வாங்க ஆயத்தமாகுங்கள். 1 மில்லிமீற்றர் என்றால் அந்த வண்டியில் பிள்ளையை ஏற்ற வேண்டாம்.

போல்ட்டுகளைக் கழற்றிக் கலிப்பரை வெளியே எடுத்தோம். எடுத்ததும் அதை ஒயில் குழாயில் தொங்க விடாமல், கம்பித் துண்டொன்றால் வண்டியின் சட்டத்தில் கட்டினோம். குழாய் உள்ளே பிய்ந்தாலும் வெளியே தெரியாது. கலிப்பர் வெளியே இருக்கும்போது யாரும் பெடலை மிதிக்கக்கூடாது. பிஸ்டன் துள்ளி வெளியே வந்துவிடும், பிறகு வேலை பெருகும். (அவருடைய மகள் வண்டியில் ஏறி விளையாட வந்தாள். நல்ல வேளை, கண்டுகொண்டோம்.)

ஓர் ஊசி நன்றாக இருந்தது. மற்றதன் உறை கிழிந்து, உள்ளே துருவும் வண்டலும் சேர்ந்து களியாக இறுகியிருந்தது. பாட்கள் கோத்திருக்கும் ஆணியில் பள்ளம் விழுந்திருந்தது. அந்தப் பள்ளத்தில் பாட் சிக்கிக்கொள்ளும், அதையும் மாற்றத்தான் வேண்டும். பிஸ்டனைச் சுற்றி ஈரம் இல்லை, அதன் பளபளப்பான பகுதியில் குழி குழியாகத் துரு இல்லை. தட்டில் கோடுகள் விழுந்திருந்தன, ஆனால் நகத்தால் தடவும்போது ஆழமாக மாட்டவில்லை. பெரும்பாலான தட்டுகளில், எவ்வளவு தடிப்புக்குக் கீழே போகக்கூடாது என்பது மில்லிமீற்றரில் பொறிக்கப்பட்டிருக்கும். அளந்து பார்க்க வேர்னியர் வேண்டும், அதைக் கராஜில் செய்யலாம்.

ஆக, அந்தக் கலிப்பர் செத்துப்போகவில்லை. முதலில் பார்த்தவர் ஏமாற்றினார் என்று நான் சொல்லமாட்டேன். துருவைக் கழற்றி மினுக்கிக்கொண்டிருக்க நேரமில்லாதவர்களுக்கு முழுதாக மாற்றுவது சுலபம், வேலை கெட்டால் பழியும் இல்லை. ஆனால் அந்தச் சுலபத்துக்கு விலை கொடுப்பது பால் விற்ற காசு. பெண்கள் வண்டியைக் கொண்டுபோனால் வண்டியைப் பார்க்காமல் முகத்தைப் பார்த்து விலை சொல்கிறவர்களும் இருக்கத்தான் செய்கிறார்கள். எனக்கே ஒருமுறை, நல்ல பாட்டைக் கழற்றி வைத்துக்கொண்டு அதைவிட மட்டமானதைப் பூட்டி அனுப்பினார்கள். அன்றிலிருந்து கழற்றிய பழைய சாமானைப் பையில் போட்டுத் தரும்படி கேட்டு வாங்குவேன். நீங்களும் கேளுங்கள். கேட்பது உரிமை.

மறுநாள் இருவரும் வேறொரு கராஜுக்குப் போனோம். அங்கிருந்த தம்பியிடம் அவர் இப்படிப் பேசினார்:

"தம்பி, ஒரு பாட்தான் முடிஞ்சிருக்கு. மற்றது பாதி இருக்கு. கலிப்பர் நகருதில்ல. ஊசியையும் உறையையும் மாத்தினாச் சரிவருமா, பாருங்கோ."

அந்தத் தம்பி நிமிர்ந்து பார்த்தார். "ஆர் அக்கா சொன்னது?"

"நாங்கதான் கழட்டிப் பாத்தம்."

அதற்குப் பிறகு பேச்சு முழுவதும் ஊசியைப் பற்றியும் உறையைப் பற்றியும்தான் இருந்தது. பாட் ஒரு சோடி, ஊசியும் உறையும் ஒரு தொகுதி, பாட் ஆணி, பிஸ்டன் இறப்பர் வளையங்கள், ஒரு சிறு போத்தல் பிறேக் ஒயில். எல்லாம் சேர்த்தும் புதுக் கலிப்பரின் விலைக்குக் கிட்ட வரவில்லை. வளையங்கள் ஒழுகாவிட்டாலும், வெள்ளத்தில் நின்றதால் மாற்றுவது நல்லது என்று அந்தத் தம்பி சொன்னார். நானும் அதையே நினைத்தேன்.

கலிப்பரை முழுதாக மாற்றியே ஆகவேண்டிய நேரமும் உண்டு. பிஸ்டன் ஓடும் துவாரத்தின் உட்சுவர் அரித்திருந்தால், போல்ட் பூட்டும் புரி அழிந்திருந்தால், காது உடைந்திருந்தால், காற்று எடுக்கும் சிறு நிப்பிள் உள்ளே முறிந்து எடுக்க முடியாமல் போனால் மாற்றுங்கள். அப்போது சிக்கனம் பார்க்க வேண்டாம். பிஸ்டனில் மட்டும் குழி இருந்தால், பிஸ்டனைத் தனியாக வாங்க முடியுமா என்று முதலில் விசாரியுங்கள். உடைத்த வண்டியில் கழற்றிய பழைய கலிப்பரை வாங்குவது பற்றிச் சிலர் கேட்கிறார்கள். வாங்கலாம், ஆனால் அதே மாதிரி வண்டியினுடையதாக இருக்க வேண்டும். வாங்கியதும் இறப்பர்களை மாற்றியே பூட்ட வேண்டும். பாட்களை மட்டும் ஒருபோதும் பழையதாக வாங்காதீர்கள். ஒற்றையாக மாற்றவும் வேண்டாம், எப்போதும் சோடியாகவே.

ஊசிக்குப் பூசும் கிறீஸைப் பற்றி ஒரு வார்த்தை. சில்லு பெயரிங்குக்குப் போடும் சாதாரணக் கிறீஸ் இதற்கு ஆகாது. அது இறப்பர் உறையை ஊதிப் பெருக்க வைக்கும், ஊசி மறுபடி இறுகும். பிறேக்குக்கென்றே விற்கும் சிலிக்கன் கிறீஸைக் கேளுங்கள், ஊசிகளுக்கு மெல்லிய பூச்சு போதும். அதேபோல் கலிப்பரின் இறப்பர்களைப் பெற்றோலாலோ மண்ணெண்ணெயாலோ கழுவக்கூடாது. உள்ளே போகும் சாமான்களைப் புதிய பிறேக் ஒயிலாலேயே துடைக்க வேண்டும்.

பிறேக் ஒயில் என்ற பெயரைப் பார்த்து எஞ்சின் ஒயில்போல் நினைத்துவிடாதீர்கள். இது வேறு திரவம். காற்றிலுள்ள ஈரத்தை உறிஞ்சிக்கொள்ளும் குணம் இதற்கு உண்டு. புதிய டொட் 4 வகை ஒயில் 230 பாகை செல்சியசுக்கு மேலேதான் கொதிக்கும். ஈரம் உறிஞ்சிப் பழையதானால் அந்த எல்லை 155 பாகை அளவுக்கு இறங்கிவிடும். பிறேக் இறுகித் தட்டுச் சூடேறும்போது ஒயில் உள்ளே கொதித்துக் குமிழி உண்டாகும், பெடல் பஞ்சுபோல் அடியில் போய்விடும். ஆகவே இரண்டு வருடத்துக்கு ஒருமுறை மாற்ற வேண்டும். எங்கள் கடற்காற்றுக்கும் மாரி மழைக்கும் அதை நீட்ட வேண்டாம். டொட் 3, டொட் 4 எது என்பது ஒயில் தொட்டியின் மூடியிலேயே பொறித்திருக்கும். டொட் 5 என்பது வேறு சாதி, அதைக் கலக்கவே கூடாது. வாங்கும்போது மூடி உடைக்காத சிறு போத்தலாக வாங்குங்கள். மிச்சத்தைச் சோடாப் போத்தலில் ஊற்றி அடுப்படியில் வைக்கும் பழக்கம் எங்களிடம் உண்டு. இது நஞ்சு, சின்னப் பிள்ளைகள் இருக்கும் வீட்டில் வேண்டவே வேண்டாம். வண்டியின் நிறப்பூச்சில் பட்டாலும் உரித்துவிடும், உடனே தண்ணீரால் கழுவுங்கள்.

பாட் மாற்றுவதை இரண்டொரு தரம் பார்த்த பெண் தானே செய்யலாம். புதுப் பாட் தடிப்பாக இருப்பதால் பிஸ்டனை உள்ளே தள்ள வேண்டிவரும். தள்ளுமுன் அதைச் சுற்றிச் சுத்தமாகத் துடையுங்கள், இல்லாவிட்டால் மண்ணையும் சேர்த்து உள்ளே தள்ளுவீர்கள். தொட்டியில் ஒயில் மேலே எழும்பி வழியும், துணி சுற்றி வையுங்கள். பிஸ்டன் வளையம் மாற்றும் வேலையையும் குழாயில் இருந்து காற்று எடுக்கும் வேலையையும் முதல் தடவை தெரிந்தவரைக் கொண்டு செய்வியுங்கள், பக்கத்தில் நின்று பாருங்கள். காற்று எடுப்பது இரண்டு பேர் வேலை. ஒருவர் பெடலை மெதுவாக மிதித்துப் பிடிக்க, மற்றவர் நிப்பிளைக் கால் சுற்றுத் திறந்து குமிழியோடு வரும் ஒயிலைக் குழாய் வழியே போத்தலில் விட்டு மூட வேண்டும். மூடிய பிறகே காலை எடுக்கலாம். இடையில் தொட்டி வற்றினால் காற்று மறுபடி உள்ளே போய், முதலில் இருந்து தொடங்க வேண்டும்.

எல்லாம் பூட்டியாயிற்று என்றதும் ஏறி ஓடிவிடாதீர்கள். பிஸ்டன் உள்ளே தள்ளப்பட்டிருப்பதால் முதல் மிதியில் பெடல் நேரே அடிக்குப் போகும், பிறேக் இருக்காது. இதைத் தெரியாமல் கராஜ் வாசலிலேயே மதிலில் மோதியவர்கள் உண்டு. நின்ற இடத்திலேயே பெடல் இறுகும்வரை பத்துப் பன்னிரண்டு தரம் மிதியுங்கள். பிறகு சில்லைக் கையால் சுற்றிப் பாருங்கள். பிறகு வாகனம் இல்லாத இடத்தில் மெதுவாக ஓடி நான்கைந்து தரம் நிறுத்துங்கள். புதுப் பாட் தட்டோடு பொருந்தச் சில நாள் எடுக்கும், அதுவரை பாரத்தையும் வேகத்தையும் குறையுங்கள்.

"எங்களிட்ட டிஸ்க் இல்லையே அக்கா" என்று பலர் சொல்வது கேட்கின்றது. உண்மைதான், சிரி 100, ஸ்கூட்டி, ஸ்பிளெண்டர் போன்றவற்றின் பின் பிறேக் டிரம் வகை. சில்லின் நடுவிலுள்ள குடத்துக்குள் இரண்டு 'சூ' விரிந்து பிடிக்கும். இதற்கு வெளியிலேயே ஓர் அம்பு அடையாளம் இருக்கும். பெடலை முழுதாக மிதிக்கும்போது அம்பு தகட்டிலுள்ள கோட்டுக்கு நேரே வந்தால் சூ முடிந்தது என்று அர்த்தம். அதுவரை, பிறேக் கம்பியின் நுனியிலுள்ள நட்டைத் திருகிச் சரிசெய்துகொள்ளலாம். பெடல் 2 முதல் 3 சென்ரிமீற்றர் வரை சும்மா இறங்கிப் பிறகு பிடிப்பது நல்ல அளவு.

நட்டைத் திருகி முடிந்தபின் சில கராஜ்களில் ஒரு 'கைவேலை' செய்வார்கள். பிறேக் கையைக் கழற்றி, பல்லொன்று தள்ளிப் பூட்டிவிடுவார்கள். உடனே பிறேக் நன்றாகப் பிடிக்கும், காசும் இல்லை. ஆனால் அதன் பிறகு அம்பு பொய் சொல்லும். தேய்ந்துபோன சூவை அளவுக்கு மீறி விரிக்கும்போது உள்ளேயுள்ள காம் திரும்பி மாட்டிக்கொண்டால் ஓடும் சில்லு அப்படியே இறுகும். இதற்கு ஒருபோதும் சம்மதிக்காதீர்கள். டிரம்மைத் திறக்கும்போது உள்ளிருக்கும் தூளை வாயால் ஊத வேண்டாம், கொம்பிறசர் காற்றும் அடிக்க வேண்டாம். பழைய சூக்களில் அஸ்பெஸ்டஸ் இருக்கலாம், அது நுரையீரலுக்குக் கேடு. ஈரத் துணியால் துடைத்து அந்தத் துணியை எறிந்துவிடுங்கள். வெள்ளத்தைக் கடந்து வந்தால் கொஞ்ச தூரம் பிறேக்கை மெல்ல மிதித்தபடி ஓடினால் உள்ளே காயும்.

டிஸ்க் வைத்திருப்பவர்களுக்கு இன்னும் இரண்டு சொல்லவேண்டும். செயினுக்குப் பழைய எஞ்சின் ஒயிலை ஊற்றுகின்றோமே, அது தெறித்துத் தட்டில் பட்டால் பாட் அதைக் குடித்துவிடும். ஒயில் குடித்த பாட்டை மண்தாளில் தேய்த்தாலும் நெருப்பில் காட்டினாலும் பழையபடி வராது, மாற்றத்தான் வேண்டும். செயினுக்கு ஒயில் விடும்போது தட்டைத் துணியால் மூடுங்கள், மிஞ்சியதைத் துடையுங்கள். மற்றது, ஓடப் பழகிய காலத்துப் பயத்தில் வலது காலைப் பெடலின் மேலேயே வைத்தபடி ஓடும் பழக்கம். அந்தச் சகோதரிக்கும் இருந்தது. கால் சும்மா வைத்திருப்பதாக அவர் நினைக்கிறார், பாட் நாள் முழுவதும் தேய்கின்றது. பின்னால் சிவப்பு விளக்கும் எரிந்தபடியே இருப்பதால், நீங்கள் உண்மையாகப் பிறேக் பிடிப்பதைப் பின்னால் வருபவர் அறியமாட்டார்.

அவர் வண்டி இரண்டு நாள் நின்றது. அந்த இரண்டு நாளும் பால் கான்களைப் பக்கத்து வீட்டுப் பிள்ளையின் சைக்கிளில் அனுப்பினார், மகள் நடந்து போனாள். மூன்றாம் நாள் மாலை எனக்குத் தொலைபேசி எடுத்தார்.

"அக்கா, பிறேக் நல்லாப் பிடிக்குது. கிறீச் சத்தமும் இல்ல. ஆனா அந்தச் சத்தம் நிண்ட பிறகுதான் செயின் கடகட எண்டு அடிக்கிறது கேக்குது."

செயினைப் பற்றி அடுத்த மாதம் எழுதுகின்றேன். அதற்குள் உங்கள் வண்டியின் பின் சில்லைக் கையால் ஒருமுறை சுற்றிப் பார்த்து, அது எப்படிச் சுற்றியது என்று எழுதி அனுப்புங்கள்.